பெயர் எழுத வேண்டாம்

பெங்களூரின் அல்சூர் பகுதியில், மூன்று மாடிக் கட்டடம் ஒன்றின் இரண்டாம் தளத்தில், வீட்டுச் சமையலறையிலேயே கேக் செய்து விற்கும் பெண்மணி ஒருவர் இருக்கிறார். அவருடைய ஆர்டர் நோட்டில் ஒவ்வொரு வரிக்கும் ஐந்து கட்டங்கள்: எடை, வகை, முட்டை உண்டா இல்லையா, எடுத்துச்செல்லும் நேரம், எழுத வேண்டியது. ஆண்டின் பிற மாதங்களில் ஐந்தாம் கட்டம் இடம் போதாமல் ஓரத்தில் வழியும். குழந்தையின் பெயர், செல்லப்பெயர், தாத்தா பாட்டியின் வாழ்த்து என எல்லாவற்றையும் அரைக்கிலோ கேக்கின் மேல் எழுதச் சொல்வார்கள். பிப்ரவரி இரண்டாம் வாரத்தில் அதே கட்டம் ஏறக்குறைய வெறுமையாகிவிடுகிறது. ‘பெயர் வேண்டாம்’, ‘ஹார்ட் மட்டும்’, ‘எஸ் என்று ஒரே ஓர் எழுத்து’. காதலர் தினத்துக்கான கேக்கில் காதலரின் பெயர் இருக்கக் கூடாது என்பது அந்த நோட்டிலிருந்து எவரும் படித்துக்கொள்ளக்கூடிய செய்தி.

அவருக்கு வயது நாற்பத்தைந்தை ஒட்டி இருக்கும். திருமணமாகி வேலூர்ப் பக்கத்திலிருந்து பெங்களூருக்கு வந்தவர். கணவர் பொதுத்துறைத் தொழிற்சாலை ஒன்றில் பணியாற்றுகிறார். கேக் செய்யக் கற்றது, தரைத்தளத்தில் குடியிருந்த ஆங்கிலோ இந்தியக் குடும்பத்து மூதாட்டியிடம். முதல் சில ஆண்டுகள் பிரஷர் குக்கரில் உப்பைப் பரப்பி, கேஸ்கெட்டையும் வெயிட்டையும் கழற்றிவிட்டு, அதற்குள் பாத்திரத்தை இறக்கிச் செய்தார். பின்னர் ஓடிஜி அடுப்பும், சுழலும் தட்டும், ஆறு அங்குல டின்கள் நான்கும் வந்தன. இன்று பிப்ரவரி 12ஆம் தேதி மாலை தொடங்கினால் 14ஆம் தேதி இரவுவரை அந்த அடுப்பு அணைவதில்லை, மின்வெட்டு வந்தாலொழிய. மின்வெட்டு வந்தால் உள்ளே இருப்பது பெரும்பாலும் நடுவில் குழிந்துவிடும். அதைக் குழைத்து உருண்டை பிடித்துச் சாக்லேட்டில் முக்கி, மாடிக் குழந்தைகளுக்குக் கொடுத்துவிடுவார்.

அந்த மூன்று நாள்களில் கேட்கப்படுவது பெரும்பாலும் ரெட் வெல்வெட். சிவப்புக்கும் காதலுக்கும் உள்ள உறவை விளக்க வேண்டியதில்லை. ஆனால் இந்தக் கேக்கின் சிவப்பு எங்கிருந்து வருகிறது என்பது விளக்கத் தக்கது. மோரின் புளிப்பும் வினிகரும் கோக்கோவோடு சேரும்போது இயல்பாகவே ஒரு செம்மை தோன்றும் என்பது பழைய விளக்கம். அப்படித் தோன்றுவது செம்பழுப்பு நிறமே. கடையில் காணும் குருதிச் சிவப்பு, சாயம் தருவது. அமெரிக்காவில் இந்தக் கேக் பரவியதற்கு டெக்சாஸில் எசன்ஸும் உணவுச் சாயமும் விற்ற ஒரு நிறுவனத்தின் விளம்பரமும் காரணம் என்பார்கள். காதலின் நிறத்தை ஒரு சாயப் புட்டி முடிவுசெய்தது என்றால் அதில் வியப்படைய ஒன்றுமில்லை. திருமணப் பட்டின் நிறத்தையும் சந்தைதான் முடிவுசெய்கிறது.

2024 அக்டோபரில் இந்தச் சிவப்புக்கு ஒரு சோதனை வந்தது. கர்நாடக உணவுப் பாதுகாப்புத் துறை பெங்களூர் பேக்கரிகளிலிருந்து 235 கேக் மாதிரிகளை எடுத்துச் சோதித்ததில், 12 மாதிரிகளில் செயற்கைச் சாயங்கள் பாதுகாப்பற்ற அளவில் இருப்பதாக அறிவித்தது. ரெட் வெல்வெட்டும் பிளாக் ஃபாரஸ்டும் பெயர் சொல்லிக் குறிப்பிடப்பட்டன. அடுத்த பிப்ரவரியில் வாடிக்கையாளர்கள் தொலைபேசியில் இரண்டு கேள்விகள் கேட்டார்கள்: “கலர் சேஃபா அக்கா?” “நல்லா ரெட்டா வருமா அக்கா?” இரண்டுக்கும் ஒரே பதில் கிடையாது. பீட்ரூட் சாற்றில் செய்து பார்த்தார். மாவில் இருக்கும்போது கண்ணைப் பறிக்கும் நிறம். அடுப்பிலிருந்து வெளியே வந்தபோது ஓரங்களில் செங்கல் தூளும் நடுவில் மண்ணும். பீட்ரூட்டின் நிறமி வெப்பத்தில் சிதையும். சமையல் சோடாவின் காரம் அதை மேலும் கெடுக்கும். புளிப்பைக் கூட்டினால் ஓரளவு நிற்கும், ஆனால் சுவை போய்விடும். முடிவில், சாயத்தின் அளவைப் பாதியாகக் குறைத்து, கோக்கோவையும் குறைத்து, மங்கிய சிவப்பொன்றில் வந்து நின்றார். ‘பழைய பட்டுப் புடவைக் கலர்’ என்று அதை அவர் சொல்கிறார். புகைப்படத்தில் அது எடுபடாது. வாங்குபவர்களில் சிலர் முகம் சுளிக்கத்தான் செய்கிறார்கள்.

முட்டையில்லாத கேக்கையே பாதிப் பேருக்கு மேல் கேட்கிறார்கள். காதலன் உண்பான், காதலி உண்ணமாட்டாள். அல்லது காதலியின் அறைத்தோழி உண்ணமாட்டாள். முட்டை செய்யும் வேலையைத் தயிரிடம் ஒப்படைக்க வேண்டும். 200 கிராம் மைதாவுக்கு ஒரு கோப்பைத் தயிர், முக்கால் கோப்பைச் சர்க்கரை, அரைக் கோப்பை எண்ணெய். தயிரில் சர்க்கரை கரைந்தபின் பேக்கிங் பவுடரும் சோடாவும் இட்டு ஐந்து நிமிடம் விட்டால் கிண்ணம் முழுதும் நுரைத்து எழும். புளிப்பும் காரமும் சேர்ந்து வெளியிடும் கரியமில வாயு அது. அந்த நுரை அடங்குவதற்குள் மாவைக் கலந்து, டின்னில் ஊற்றி, அடுப்புக்குள் வைத்துவிட வேண்டும். இடையில் யாராவது அழைப்புமணியை அழுத்தினால் கதவைத் திறக்க மாட்டார். கலக்கும்போது அதிகம் கிளறினாலும் கெடுதல். மைதாவின் பசைத்தன்மை இறுகி, கேக் சப்பாத்தியின் குணத்துக்குப் போய்விடும். மரக்கரண்டியால் மடித்து மடித்து, வெள்ளைத் தூள் கண்ணுக்குத் தெரியாத அந்த நொடியில் கையை எடுத்துவிடுவார். எப்போது நிறுத்துவது என்பதைத்தான் அந்த மூதாட்டி தமக்கு முதலில் கற்பித்ததாகச் சொல்வார்.

இதய வடிவ டின் அவரிடம் இல்லை. தேவையுமில்லை. ஆறு அங்குலச் சதுரம் ஒன்று, ஆறு அங்குல வட்டம் ஒன்று சுட வேண்டும். வட்டத்தை நேர் பாதியாக வெட்டி, சதுரத்தைச் சாய்சதுரம் போல ஒரு முனை கீழே வரத் திருப்பி, மேலிருக்கும் இரு பக்கங்களிலும் அரைவட்டங்களை ஒட்டினால் இதயம். பள்ளி வடிவியலில் வரும் உண்மை இது. விட்டமும் பக்கமும் சமமாக இருந்தால் போதும், ஒரு துண்டுகூட வீணாகாது. வட்டக் கேக்கிலிருந்து இதயத்தைச் செதுக்கி எடுப்பவர்களும் உண்டு. அவர்களைப் பற்றிப் பேசும்போது அவருடைய குரலில் லேசான ஏளனம் தோன்றும்.

அடுக்குவதுதான் பொறுமையைக் கேட்கும் வேலை. சுட்ட கேக்கை அன்றே அடுக்கக் கூடாது. நன்றாக ஆறியபின் உறையிட்டு ஓரிரவு குளிர்பெட்டியில் வைத்தால் வெட்டும்போது உதிராது. மறுநாள் பல் வைத்த நீளக்கத்தியால், குவிந்து எழும்பியிருக்கும் மேற்புறத்தைச் சீவி மட்டமாக்கி, மீதியைக் கிடையாக மூன்று அடுக்குகளாக அறுக்க வேண்டும். கத்தியை நகர்த்துவதைவிடத் தட்டைச் சுழற்றுவது நல்லது. ஒவ்வோர் அடுக்கின்மேலும் சர்க்கரைத் தண்ணீரைப் பிரஷ்ஷால் தொட்டுவைத்து, அதன்மேல் க்ரீம், பிறகு அடுத்த அடுக்கு. முட்டையில்லாத கேக் விரைவில் உலர்வதால் இந்தத் தண்ணீரில் கஞ்சத்தனம் கூடாது. அளவு மீறினாலோ கீழடுக்கு கூழாகி, மேலே இருப்பதெல்லாம் ஒரு பக்கம் சரியும்.

க்ரீம் விஷயத்தில் அவருக்குக் கொள்கை உண்டு, ஆனால் வெயிலுக்கு அது தெரியாது. கடையில் டப்பாவில் கிடைக்கும் சாதாரண க்ரீமில் கொழுப்பு 25 விழுக்காடுதான். எவ்வளவு நேரம் அடித்தாலும் நிமிர்ந்து நிற்காது. வெண்ணெய்க் க்ரீம் சுவையானது, ஆனால் வெண்ணெய் 32 டிகிரியை நெருங்கினாலே தளரும். பெங்களூரின் பிப்ரவரிப் பகல் 30ஐத் தொடும். அந்த வெயிலில் டெலிவரி இளைஞனின் பையில் முக்கால் மணிநேரம் இருந்தால் ரோஜா இதழ்கள் தம் இயல்பை மறந்துவிடும். எனவே தாவரக் கொழுப்பில் செய்த க்ரீமையே பயன்படுத்துகிறார். உறைந்த நிலையில் வரும் அது, அடித்தால் பல மடங்காகப் பொங்கும், வெயிலைத் தாங்கும், நாக்கில் ஒரு மெழுகுப் படலத்தை விட்டுச்செல்லும். உள்ளடுக்குகளுக்கு மட்டும் சீஸ் கலந்த வேறொரு க்ரீம் வைக்கிறார். வெளியே காண்பது ஒன்று, உள்ளே உண்பது ஒன்று. விலையில் அதைச் சேர்ப்பதில்லை, யாரிடமும் சொல்வதுமில்லை.

சிவப்புக் கேக்கின்மேல் வெள்ளைக் க்ரீம் பூசுவதில் ஓர் ஆபத்து இருக்கிறது. ஒரு துகள் தப்பினாலும் வெள்ளையில் காயம் போலத் தெரியும். அதற்காக முதலில் மெல்லிய பூச்சொன்றைப் பூசித் துகள்களை அதற்குள் அடைத்து, அரைமணி நேரம் குளிரவைத்து, பிறகே கண்ணுக்குத் தெரியும் இரண்டாவது பூச்சு. ஒட்டுப்போட்ட இதயத்தில் சதுரமும் அரைவட்டமும் சந்திக்கும் கோடு மெல்லிய பூச்சில் தெரிந்துவிடும் என்பதால் அந்த இடத்தில் கை சற்றுத் தாராளமாகப் போகும். சீவியெடுத்த மேற்புறத்தை உதிர்த்து, சல்லடையில் தேய்த்து, பக்கவாட்டில் ஒரு விரற்கடை உயரத்துக்கு ஒட்டுவார். மேற்பரப்பு வெள்ளையாக, வழுவழுப்பாக, எழுதப்படக் காத்திருக்கும். அதுவரையில் ஒரு கேக்குக்கு, சுடும் நேரத்தையும் குளிரும் நேரத்தையும் கழித்துவிட்டால்கூட, இரண்டரை மணிநேரக் கைவேலை ஆகியிருக்கும்.

எழுதுவதற்கு பட்டர் பேப்பரைச் சுருட்டிய கூம்பு. உருக்கிய சாக்லேட்டை ஊற்றி, நுனியை ஊசிமுனை அளவுக்கு வெட்டுவார். ஆங்கிலக் கூட்டெழுத்து ஒரே ஓட்டத்தில் முடிந்துவிடும். கூம்பை உயர்த்தவே வேண்டாம். கன்னடத்தின் தலைக்கட்டும் வளைவும் க்ரீமில் அழகாக அமரும். தமிழில் இடர் தருவது புள்ளி. ‘ண்’ணின் மூன்று சுழிகளை எழுதி முடித்துப் புள்ளி வைக்கும் நொடியில் சாக்லேட் சற்று இளகியிருந்தால் புள்ளி பரந்து கீழிறங்கி எழுத்தோடு ஒட்டிக்கொள்ளும். வைக்காவிட்டால் மெய் உயிர்மெய்யாகி, பெயரே வேறாகும். பனையோலையில் எழுதியவர்கள் ஓலை கிழியும் என்றஞ்சிப் புள்ளியைத் தவிர்த்ததைச் சுவடியியல் படித்த எவரும் அறிவர். ஆறு அங்குலக் க்ரீம் பரப்பில் அதே சிக்கல் வேறு காரணத்தால் திரும்ப வருகிறது. ஓலையில் விட்ட புள்ளியைப் படிப்பவர் இட்டு நிரப்பிக்கொள்வார். கேக்கை வெட்டுபவர் புகார் சொல்வார்.

அல்சூரில் தமிழெழுத்து ஒரு பரப்பின்மேல் தோன்றுவதற்குத் தனி வரலாறே உண்டு. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உருவான கண்டோன்மெண்டை ஒட்டித் தமிழர் நிரம்பக் குடியேறிய பகுதி அது. ஏரிக்கரையில் நிறுவப்பட்ட திருவள்ளுவர் சிலை பதினெட்டு ஆண்டுகள் திரைக்குள் மூடப்பட்டிருந்து 2009 ஆகஸ்டில்தான் திறக்கப்பட்டது. 2024இல் இயற்றப்பட்ட திருத்தச் சட்டப்படி கடைப் பெயர்ப்பலகைகளில் 60 விழுக்காடு கன்னடம் இருந்தாக வேண்டும். கேக்கின் மேற்பரப்புக்கு அப்படி எந்தச் சட்டமும் கிடையாது. எந்த மொழியிலும் எழுதலாம், எவரும் தடுக்கப்போவதில்லை. ஆனால் அந்தச் சுதந்திரத்தில் பெரும்பாலோர் தேர்ந்தெடுப்பது ‘ஐ லவ் யூ’ என்னும் ஆங்கிலத் தொடர்.

இதை ஆங்கில மோகம் என்று ஒதுக்கிவிடுவது எளிது. மொழியியல் நோக்கில் அது போதாத விளக்கம். ஆங்கிலத் தொடர் எதைச் சொல்லாமல் விடுகிறது என்பதைப் பார்க்க வேண்டும். தமிழில் அதே கருத்தை எழுத முனைபவர் முதல் சொல்லிலேயே நின்றுவிடுகிறார்: ‘உன்னை’யா, ‘உங்களை’யா? ரோஜர் பிரவுனும் ஆல்பர்ட் கில்மனும் 1960இல் வெளியிட்ட கட்டுரையில், முன்னிலைப் பெயர்களின் தேர்வு அதிகாரம், நெருக்கம் என்னும் இரு அச்சுகளில் இயங்குவதைக் காட்டினார்கள். ஐரோப்பிய மொழிகள் பலவற்றில் அதிகாரத்தின் அச்சு தளர்ந்து, நெருக்கமானவர்கள் இருபுறமும் ஒரே பெயரைப் பயன்படுத்தும் நிலை வந்துவிட்டது என்பது அவர்களின் முடிவு. தமிழ்க் குடும்பங்கள் பலவற்றில் கணவன் மனைவியை ‘நீ’ என்கிறான், மனைவி கணவனை ‘நீங்க’ என்கிறாள். நெருக்கம் எவ்வளவு கூடினாலும் அந்தச் சமமின்மை நகர்வதில்லை. காதலிக்கும்போது இருவரும் ‘நீ’தான். திருமணத்துக்குப் பின் பெண் ‘நீங்க’வுக்கு மாறிவிடுவதும், மாறாவிட்டால் மாமியார் மாற்றிவிடுவதும் பலருக்குத் தெரிந்த நடப்பு. கேக்கில் ஒரு பெயர்ச்சொல்லைத் தேர்வது, வரப்போகும் குடும்பத்தில் எந்த இடத்தை ஏற்கிறோம் என்பதை எழுதிக் கொடுப்பதாகிவிடுகிறது. ‘யூ’ அந்தத் தொல்லையிலிருந்து இருவரையும் விடுவிக்கிறது.

இந்தத் தொல்லையைப் பற்றிய ஓர் உரையாடல் அவருடைய தொலைபேசியிலேயே நடந்தது. மென்பொருள் நிறுவனத்தில் பணிபுரியும் இளம்பெண் ஒருத்தி தமிழில்தான் எழுத வேண்டும் என்றாள். “என்னம்மா எழுத?” என்றதற்கு நெடுநேரம் பதிலில்லை. “நான் உன்னைக் காதலிக்கிறேன்னு எழுதினா டிராமா மாதிரி இருக்குக்கா.” அவள் சொன்னது சரி. சார்லஸ் ஃபெர்குசன் 1959இல் இரட்டை வழக்கு என்று விளக்கிய நிலைமை அந்த ஒரு வரியில் முழுதாக இருக்கிறது. எழுத்து வழக்கில் எழுதினால் மேடைப் பேச்சு. பேசுவது போல எழுதினால் எழுத்துப்பிழை. காதல் நிகழ்வது பேச்சு வழக்கில், கேக் ஏற்பது எழுத்து வழக்கை. கடைசியில் அவள் சொன்ன தொடர் ‘எனக்கு உன்னைப் பிடிக்கும்’. இதில் ‘நான்’ எழுவாயாக இல்லை. விரும்புகிறவர் நான்காம் வேற்றுமையில் ஒதுங்கி நிற்க, விருப்பம் தானாக வந்து அவரை அடைகிறது. பசி எனக்கு, கோபம் எனக்கு, பிடிப்பதும் எனக்கு. கன்னடத்தின் ‘நனகெ நீனு இஷ்ட’வும் இந்தியின் ‘முஜே தும் பசந்த் ஹோ’வும் இதே அமைப்பில் வருபவை. இந்தியாவை ஒரு மொழியியல் நிலப்பரப்பாகக் காண்பவர்கள் எடுத்துக்காட்டும் பொதுக்கூறுகளில் இதுவும் ஒன்று. ‘காதலிக்கிறேன்’ என்பதைவிடப் ‘பிடிக்கும்’ என்பது பல மடங்கு உண்மையான தமிழ் என்று துணிந்து சொல்லலாம். அன்று அந்த வரியில் ஐந்து புள்ளிகள். ஐந்தும் சரியாக விழுந்தன.

கேக்குக்கே ‘அணிச்சல்’ என்று ஒரு தனித்தமிழ்ச் சொல் இருப்பதை அந்த வீட்டில் எவரும் அறியமாட்டார்கள். அறிந்தாலும் ஆர்டர் நோட்டில் அது ஏறப்போவதில்லை.

இவ்வளவும் வாக்கியத்தைப் பற்றியது. பெயர் வேறு கதை. இந்தியாவில் ஒருவருடைய பெயர் அவரை அழைப்பதற்கு மட்டும் உரியதன்று. மதம் பெரும்பாலும் முதல் அசையிலேயே தெரிந்துவிடும். சாதி சில சமயம் பின்னொட்டில், சில சமயம் குலதெய்வத்தின் பெயரில். இரண்டு பெயர்களை அருகருகே எழுதினால் படிப்பவருக்கு ஒரு முழு வாக்கியம் கிடைத்துவிடுகிறது. கேக் பெட்டியின் மூடியில் கண்ணாடித்தாள் சாளரம் வேறு இருக்கிறது. கொண்டுசெல்லும் இளைஞன், காவலாளி, மகளிர் விடுதியின் பொறுப்பாளர், வீட்டில் கதவைத் திறப்பவர் என எல்லோரும் படிக்கலாம்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒருவன் இரண்டு பெயர்களையும் முழுதாக எழுதச் சொல்லி, பெண்ணின் வீட்டு முகவரியையே கொடுத்திருந்தான். அவளுக்கு இன்ப அதிர்ச்சி தர வேண்டுமாம். கேக் மாலை ஆறு மணிக்குப் போய்ச் சேர்ந்தது. எட்டு மணிக்கு அவன் அழைத்தான். “அக்கா, கேக்க யார் வாங்கினாங்கன்னு டெலிவரி பையன் சொன்னானா?” யாரோ ஓர் ஆண் வாங்கிக்கொண்டதாகத் தெரிந்தது. “வயசானவரா, இல்ல எங்க வயசா?” அது தெரியவில்லை. அதன்பின் அவன் அழைக்கவில்லை. மூன்றாம் நாள் இவர் அழைத்தபோது எண் அணைக்கப்பட்டிருந்தது. அவ்வளவுதான் தெரியும். ஒன்றும் நடக்காமலும் இருந்திருக்கலாம். ஆனால் தமிழ் நாளிதழ் படிக்கும் ஒருவருக்கு அந்த அமைதியை நிரப்பிக்கொள்ளச் செய்திகள் ஏராளம். அதற்குப் பிறகுதான் நோட்டில் ஐந்தாம் கட்டத்துக்கு அருகே சிறிய எழுத்தில் ஆறாவதாக ஒன்று சேர்ந்தது: ‘யார் வாங்குவார்கள்?’

இந்தத் தயக்கத்தை இன்றைய நகர வாழ்வின் அச்சமாக மட்டும் பார்ப்பதும் பிழையாகும். அந்தப் பெண்மணி தம் கணவரின் பெயரை இதுவரை வாயால் சொன்னதில்லை. அழைப்பது ‘என்னங்க’ என்று. கைபேசியில் அவர் எண் ‘பாப்பா அப்பா’ என்று பதிவாகியிருக்கிறது. வங்கிப் படிவத்தில் எழுதுவார், சொல்லமாட்டார். ஆண்டு முழுவதும் அயலாரின் பெயர்களைச் சாக்லேட்டில் வரையும் கை அது. அவருடைய தலைமுறையில் நெருக்கத்தின் அடையாளமாகப் பெயர் மறைக்கப்பட்டது. இப்போது அதே மறைப்பு ஆபத்தின் காரணமாக நிகழ்கிறது. பார்ப்பதற்கு இரண்டும் ஒன்றுபோல் இருப்பதாலேயே இரண்டாவதன் கொடுமை பலர் கண்ணில் படுவதில்லை.

இந்தப் பிப்ரவரியில் வந்த ஆர்டர்களில் ஒன்று மட்டும் ஐந்தாம் கட்டத்தை நிரப்பியிருந்தது. தருமபுரிப் பக்கத்துப் பெண், பெங்களூர்ப் பையன். இருவரும் வெவ்வேறு மதம். சிறப்புத் திருமணச் சட்டம், 1954இன்கீழ் விண்ணப்பித்திருந்தார்கள். அந்தச் சட்டப்படி, திருமணம் செய்ய விரும்புவோரின் பெயரும் விவரமும் அடங்கிய அறிவிப்பைப் பதிவு அலுவலகத்தில் எல்லோர் கண்ணிலும் படும் இடத்தில் ஒட்ட வேண்டும். எதிர்ப்புத் தெரிவிக்க 30 நாள். இருவரில் ஒருவருக்கு நிலையான முகவரி வேறு மாவட்டத்தில் இருந்தால் அறிவிப்பின் நகல் அந்த மாவட்டத்துக்கும் போகும், அங்கும் ஒட்டப்படும். வயதுவந்த இருவரின் துணைத் தேர்வில் குடும்பமோ கூட்டமோ தலையிட முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2018இல் சக்தி வாகினி வழக்கில் தெளிவாகத் தீர்ப்பளித்தது. அறிவிப்பை வெளியிடுவதா வேண்டாமா என்பது இணையரின் விருப்பம் என்று அலகாபாத் உயர் நீதிமன்றம் 2021இல் சொன்னது. சட்டத்தின் எழுத்து இன்னும் அப்படியே இருக்கிறது. காதலிப்பவர்கள் மறைக்க முயலும் பெயர்களை அரசே சுவரில் ஒட்டும் ஏற்பாடு இது.

“ரெண்டு பேரையும் ஃபுல்லா எழுதுங்கக்கா.”

“யாரும்மா வாங்குவாங்க?”

“நாங்களே வந்து வாங்கிக்கிறோம். எழுதுங்க. அதான் ஆபீஸ் செவுத்துலயே ஒட்டிட்டாங்களே.”

30 நாளில் பத்தொன்பது கழிந்திருந்தன.

அந்த இதயத்தை அவர் மற்றவற்றைவிடச் சற்று அகலமாகச் செய்தார்: ஏழு அங்குலச் சதுரம், ஏழு அங்குல வட்டம். பெயர்கள் அப்போதும் இடத்துக்கு அடங்கவில்லை. ஒன்று மூன்றெழுத்து. மற்றதில் ஒன்பது எழுத்து, அவற்றுள் இரண்டு கிரந்தம், இரண்டு புள்ளி. எது மேலே வருவது என்ற கேள்வியும் இருந்தது. பெண்ணின் பெயர் குட்டை என்பதால் கூர்முனைப் பக்கம் கீழே வைக்கலாம் என்று வடிவியல் சொன்னது. அவர் அதை ஏற்காமல் மேலே, அகன்ற பகுதியில் எழுதினார். இடம் மிஞ்சியது, அதில் ஒன்றும் வரையவில்லை. ஒன்பது எழுத்து கீழே நெருக்கியடித்துக்கொண்டு சரிந்தது. இடையில் ஆங்கில ‘அண்டு’ குறியைப் போடலாமா என்று ஒரு கணம் யோசித்திருக்கிறார். தமிழில் இருவரை இணைக்க ஒரு குறி போதாது. ‘உம்’ ஒவ்வொருவர் பெயரோடும் தனித்தனியே ஒட்ட வேண்டும். ஒன்றில் மட்டும் ஒட்டினால் மற்றவர் தொங்கி நிற்பார். இரண்டு ‘உம்’ என்றால் மேலும் இரண்டு புள்ளி. எழுதினார். கடைசிப் புள்ளி கொஞ்சம் பரந்தது. பல்குத்தும் குச்சியால் ஓரத்தைச் சுரண்டி வட்டமாக்கினார்.

செய்யும் ஒவ்வொரு கேக்கையும் சன்னலோரம் வைத்துப் படமெடுத்து இன்ஸ்டாகிராமில் ஏற்றுவது அவருடைய மகளின் வேலை. அந்த இணையர் படம் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருந்ததால், பெயர் எழுதுவதற்கு முன்பே ஒன்றை எடுத்து வைத்தாள். வெள்ளைப் பரப்பு, பக்கத்தில் மங்கிய சிவப்புத் துகள், எழுத்தில்லை. இருவரும் வந்து பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு, சாளரத்தின்மேல் பழைய காலண்டர் தாளொன்றை ஒட்டச் சொல்லி வாங்கி, ஸ்கூட்டரில் அவள் மடியில் வைத்துக்கொண்டு போனார்கள். மீதம் பதினொரு நாள்.

15ஆம் தேதி காலை புதிய வாடிக்கையாளர் ஒருவர் அந்தப் படத்தை அனுப்பிக் கேட்டிருந்தார், மனைவியின் பிறந்தநாளுக்கு: “இதே மாதிரி, மேல ஒண்ணும் எழுதாம, பிளெய்னா கிடைக்குமா?”